நா.முத்துக்குமாரைத் தேடினா உங்க ப்ளேயர் காட்டுமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

ஹெட்ஃபோன் எபிசோடுக்கு அப்புறம் மெயில்ல நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "லேப்டாப்ல பாட்டு கேக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது? சவுண்ட் எதுல நல்லா வரும்?" இன்னைக்கு அதைப் பேசுவோம். ஆனா ரெண்டாவது கேள்விக்கு நான் அதிக நேரம் குடுக்கப் போறதில்ல. ஏன்னு போகப்போகச் சொல்றேன்.

முதல்ல, "ஸ்ட்ரீமிங் இருக்கும்போது ஃபைல் எதுக்கு, ப்ளேயர் எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்ன கதை. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரி கடைசியில. ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள, ஏப்ரல்ல, சரிகமா நிறுவனத்தோட பாட்டெல்லாம் அதுல இருந்து காணாமப் போச்சு. உரிமம் பத்தின பேச்சு ஒத்துவராம விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருச்சு. சரிகமான்னா யாரு? பழைய எச்.எம்.வி. எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்துத் தமிழ்ப் பாட்டுல பெரும்பங்கு அவங்க கிட்டதான். அந்தப் பாட்டெல்லாம் திரும்ப வந்தது 2020-லதான். நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல, ப்ளேலிஸ்ட் போட்டு வெச்சிருந்தவங்களுக்கு பாட்டு இருந்த இடத்துல ஒண்ணும் இல்ல. அதே காலத்துல வீட்டுல அப்பா வாங்கின சிடியை ரிப் பண்ணி வெச்சிருந்தவங்களுக்கு எதுவும் நடக்கல. அவ்வளவுதான் என் வாதம். ஸ்ட்ரீமிங் வேண்டாம்னு சொல்லல, நானும் மாசாமாசம் காசு கட்டறேன். உயிரான ஒரு ஐநூறு பாட்டாவது நம்ம டிஸ்க்ல இருக்கட்டும்.

இப்ப சவுண்ட் விஷயம். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஒரே ஃபைலை ஒரே வால்யூம்ல ரெண்டு நல்ல ப்ளேயர்ல ஓட்டினா வித்தியாசம் தெரியறது ரொம்பக் கஷ்டம். "இதுல வார்ம்மா இருக்கு, அதுல ட்ரையா இருக்கு"ன்னு சண்டை போடறவங்களுக்காகவே ஃபூபார்2000 ப்ளேயர்ல ஏபிஎக்ஸ்னு ஒரு கம்போனென்ட் இருக்கு. எது எந்த ஃபைல்னு சொல்லாம மாத்தி மாத்திப் போடும், நீங்க கண்டுபிடிக்கணும். ஒருமுறை உக்காந்து பாருங்க, தலைக்கனம் எல்லாம் இறங்கிரும். ப்ளூடூத் இயர்பட்ஸ்ல கேக்கறவங்க இந்தக் கவலையே பட வேண்டாம். போற வழியில அது எப்படியும் இன்னொரு தடவை சுருங்கித்தான் போகும்.

அப்போ ப்ளேயருக்கு ப்ளேயர் வித்தியாசம் எங்க இருக்கு? உங்க பாட்டை அது எப்படி அடுக்கித் தருதுங்கறதுல. அங்கதான் தமிழ்ப் பாட்டு கேக்கற நமக்குன்னு ஒரு தனித் தலைவலி இருக்கு.

எம்பி3 ஃபைல்ல பாட்டோட விவரத்தை எழுதி வைக்கிற இடத்துக்கு ஐடி3 டேக்னு பேரு. 1996-ல முதல்ல வந்தப்போ அது வெறும் 128 பைட். ஃபைலோட வால் பகுதியில ஒட்டிக்கிட்டு இருக்கும். பாட்டுப் பேருக்கு 30 பைட், ஆர்ட்டிஸ்ட்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, குறிப்புக்கு 30, வருஷத்துக்கு 4, வகைக்கு 1. தமிழ் எழுத்துக்கு அதுல இடமே ஒதுக்கல. சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன்: இன்னைக்கு யூனிகோட்ல, யூடிஎஃப்-8 முறையில "இளையராஜா"ன்னு எழுதினா 24 பைட். எப்படியோ உள்ள அடங்கிருவார். "ஏ.ஆர்.ரஹ்மான்" 35 பைட். பாதியில வெட்டுப்பட்டுருவார்! வகைக்குக் குடுத்த அந்த ஒரு பைட்ல முதல்ல இருந்தது 80 வகை. ப்ளூஸ், டெக்னோ, ஹார்ட் ராக்னு போகும். நம்ம சினிமாப் பாட்டை அதுல எங்க வைக்கிறது? 24-ஆம் நம்பர், சவுண்ட்ட்ராக். எல்லாப் பாட்டுமே சவுண்ட்ட்ராக்குன்னா அந்த வகை இருந்து என்ன, இல்லாம என்ன.

1998-ல வந்த ரெண்டாவது பதிப்புல இந்த இடநெருக்கடி தீர்ந்துருச்சு. இசையமைப்பாளருக்கு ஒரு இடம், பாடலாசிரியருக்கு ஒரு இடம், தமிழ் எழுத்துக்கும் வழி, எல்லாம் வந்தாச்சு. ஃபைல்ல இடம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், நிறைய ப்ளேயர் இன்னும் அந்தப் பழைய மூணு கட்டத்தை வெச்சுத்தான் உலகத்தைப் பார்க்குது: பாட்டு, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம். ஒரு பேண்ட், அவங்க போட்ட ஆல்பம், அதுல பத்துப் பாட்டுன்னு இருக்கிற ஊருக்கு அது போதும். நம்ம பாட்டுல ஆர்ட்டிஸ்ட் யாரு சொல்லுங்க? ரோஜா படத்துல மின்மினி பாடின பாட்டை எடுத்துக்குவோம். இசை ரஹ்மான், குரல் மின்மினி, வரிகள் வைரமுத்து. ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல யாரை எழுதுவீங்க? இது போதாதுன்னு, நெட்ல இறக்கின ஃபைல்னா அந்தக் கட்டத்துல வெப்சைட் பேரு உக்காந்திருக்கும். லேப்டாப்பைத் திறந்து பார்த்தா, உங்க அபிமானப் பாடகர் ஏதோ ஒரு டாட் காம்!

ஆல்பம் கட்டமும் லேசுப்பட்டது இல்ல. விக்ரம்னு 1986-ல ஒரு படம், இளையராஜா இசை. 2022-ல இன்னொரு விக்ரம், அனிருத். ரெண்டுலயும் கமல். பில்லாவும் அப்படித்தான், 1980-ல எம்.எஸ்.வி., 2007-ல யுவன். "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்"னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட்டா பல ப்ளேயர்ல ரெண்டு விக்ரமும் ஒரே ஆல்பமா ஒட்டிக்கும். நேர்மாறாவும் நடக்கும். ஒரு படத்துல ஆறு பாட்டு, ஆறு பேர் பாடியிருந்தா, ஒரே படம் ஆறு ஆல்பமா சிதறிக் கிடக்கும்.

இதுக்கு நான் பின்பத்தற முறை ரொம்ப எளிமை. ஆர்ட்டிஸ்ட்ல பாடினவங்க. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ல இசையமைப்பாளர். கம்போஸர்லயும் அதே இசையமைப்பாளர். லிரிசிஸ்ட்ல பாடலாசிரியர். ஆல்பத்துல படத்தோட பேர் மட்டும். வருஷம் கட்டாயம். பேரைத் தமிழ்ல எழுதுங்க, இல்ல ஆங்கிலத்துல எழுதுங்க, ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. இளையராஜாவை ஆங்கிலத்துல எழுத நாலஞ்சு ஸ்பெல்லிங் புழக்கத்துல இருக்கு, ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஆளா எடுத்துக்கும். தமிழ்லயே எஸ்.பி.பி., எஸ்பிபி, எஸ்.பி.பாலசுப்ரமணியம்னு மூணு பேர் ஆயிருவார். மொத்தமா மாத்தறதுக்கு விண்டோஸ்ல எம்பி3டேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. நூறு பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில திருத்தலாம்.

சரி, இப்படி உக்காந்து ஒழுங்கு பண்ணிட்டோம். இனிமேதான் ப்ளேயருக்குப் பரீட்சை. கேள்வி ஒண்ணே ஒண்ணு: "நா.முத்துக்குமார் எழுதின பாட்டு மட்டும் காட்டு." 7ஜி ரெயின்போ காலனி யுவன் இசை, வெயில் ஜி.வி.பிரகாஷ் இசை, தங்க மீன்கள் மறுபடி யுவன், சைவம் மறுபடி ஜி.வி. கடைசி ரெண்டு படத்துக்கும் அவருக்கு தேசிய விருது கிடைச்சது. 2016-ல போயிட்டார் மனுஷன். அவர் எழுதினது அத்தனையும் வேற வேற இசையமைப்பாளர், வேற வேற பாடகர் பேருக்குக் கீழ சிதறிக் கிடக்கு. ஒரு மழை நாள்ல அதை வரிசையாக் கேக்கணும்னு தோணினா கேக்க முடியணும் இல்லையா? அது முடியுதா இல்லையாங்கறதுதான் எனக்கு ஒரு ப்ளேயர்.

விண்டோஸ் 11-ல கூடவே வர்ற மீடியா ப்ளேயர் இந்தக் கேள்வியிலேயே வெளிய போயிரும். உள்ள போக பாட்டு, ஆல்பம், ஆர்ட்டிஸ்ட்னு மூணு வாசல்தான். பாக்க அழகா இருக்கு, அதுல குறை சொல்ல முடியாது.

விஎல்சி எல்லார் லேப்டாப்லயும் இருக்கும். 1996-ல பாரிஸ் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், காலேஜ் நெட்வொர்க்ல வீடியோ ஓட்டறதுக்காக ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது. எந்த ஃபைலைக் குடுத்தாலும் ஓட்டும், கெட்டுப்போன ஃபைலைக்கூட முடிஞ்சவரைக்கும் ஓட்டும். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனா பாட்டு அலமாரியா வெச்சுக்கறதுக்காக அது பிறக்கல. இப்ப புழக்கத்துல இருக்கிற மூணாவது பதிப்புல ஒரு ட்ராக் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள சின்ன இடைவெளியும் விழும். சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்ல. கச்சேரி சிடியில ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை அடுத்த ட்ராக்னு பிரிச்சிருந்தா, நடுவுல தம்புரா திடீர்னு அறுந்து மறுபடி ஒட்டற மாதிரி இருக்கும்.

வின்ஆம்ப் பத்திப் பேசலைன்னா அண்ணன்மார் கோவிச்சுக்குவாங்க. 1997-ல வந்தது. ப்ரவுசிங் சென்டர் காலத்துல, ஒரே சிடியில நூறு நூத்தம்பது பாட்டு எம்பி3-யா எரிச்சு வித்தாங்களே, அதை ஓட்ட வீட்டுக்கு வீடு இருந்தது இதுதான். 1999-ல ஏஓஎல் வாங்கினாங்க, 2014-ல இன்னொரு கம்பெனி கைக்கு மாறிச்சு. 2024 செப்டம்பர்ல சோர்ஸ் கோடை வெளியிட்டு, ஒரு மாசம் போல இருந்துட்டுத் திரும்ப எடுத்துட்டாங்க. இன்னும் ஓடுது. அந்தப் பழைய க்ளாசிக் ஸ்கின்ல தமிழ்ப் பேர் வராம காலிக் கட்டமா வருதேன்னு கேட்டவங்களுக்கு: அந்த ஸ்கின்ல எழுத்தெல்லாம் ஒரு குட்டிப் படத்துல இருந்து வெட்டி ஒட்டறது. அந்தப் படத்துல ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் இருக்கு. செட்டிங்ஸ்ல ஸ்கின் பகுதியில "பிட்மேப் ஃபான்ட்"ங்கற டிக்கை எடுத்து விடுங்க, தமிழ் வந்துரும். ஏக்கத்துக்காக வெச்சுக்கலாம். அன்றாடத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேக் வெச்சிருக்கிறவங்க. 2001-ல வந்த ஐட்யூன்ஸை 2019-ல மூணா உடைச்சப்போ பாட்டு பாகம் மியூசிக்னு தனியா வந்தது. அதுல கம்போஸர்னு ஒரு தனி வாசல் இருக்கு. மேல்நாட்டு க்ளாசிக்கல் கேக்கறவங்களுக்கு பீத்தோவன், மொஸார்ட் தேவைப்படுதுன்னு வெச்சது, நமக்கு ராஜாவையும் தேவாவையும் பிரிச்சுக் குடுக்குது. கேட்டது ஒருத்தர், கிடைச்சது இன்னொருத்தருக்கு. பாடலாசிரியருக்கு மட்டும் அதுல கட்டமே கிடையாது. சிலர் க்ரூப்பிங்ங்கற கட்டத்துல கவிஞர் பேரை எழுதிச் சமாளிக்கறாங்க. அதை வெச்சு ஸ்மார்ட் ப்ளேலிஸ்ட் போட்டா நம்ம பரீட்சையில பாஸ் ஆயிரும். இன்னொரு விஷயம் இருக்கு, கடைசியில வர்றேன்.

விண்டோஸ்ல என் ஓட்டு மியூசிக்பீக்கு. இலவசம், விளம்பரம் கிடையாது. ஸ்டீவன் மேயால்னு ஒருத்தர் 2008-ல இருந்து பண்ணிட்டு வர்றது. இதுல லிரிசிஸ்ட்னு கட்டமே தனியா இருக்கு. மேல வரிசையாப் பட்டியல் வைக்கிற காலம் ப்ரௌசர்ல கம்போஸர், லிரிசிஸ்ட், ஆர்ட்டிஸ்ட்னு நீங்களே தேர்ந்தெடுத்து வெச்சுக்கலாம். முத்துக்குமாரைத் தட்டினா பக்கத்துப் பட்டியல்ல யுவன், ஜி.வி., ஹாரிஸ்னு அவரோட வேலை செஞ்சவங்க மட்டும் மிஞ்சுவாங்க. யுவனைத் தட்டினா அவங்க ரெண்டு பேரும் சேர்ந்த பாட்டு மட்டும். ஒரு டூயட்ல ரெண்டு பேர் பாடியிருந்தா நடுவுல அரைப்புள்ளி போட்டு எழுதினாப் போதும், அந்தப் பாட்டு ரெண்டு பேர் கீழயும் தனித்தனியா வரும். இதை ஒருநாள் உக்காந்து செட் பண்ணிட்டா அப்புறம் நேரம் போறதே தெரியாது. குறைன்னா விண்டோஸ் மட்டும்தான், முதல் நாள் மெனுக்கள் மிரட்டும்.

மிரட்டறதுன்னா ஃபூபார்2000-ஐ மிஞ்ச முடியாது. வின்ஆம்ப் கம்பெனிக்கு ஒப்பந்த வேலை செஞ்சுக்கிட்டிருந்த பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002-ல வெளியிட்டது. திறந்ததும் ஒரு வெள்ளைச் சட்டம், நாலு பட்டன், அவ்வளவுதான். கல்யாண வீட்டுல சாமான் எல்லாம் குவிச்சுப் போட்டுட்டு "நீயே சமைச்சுக்கோ"ன்னு சொல்ற மாதிரி. சமைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதை விட்டா வேற கிடையாது. காரணம், இதுல கட்டத்தையே நீங்க உருவாக்கலாம். கர்நாடக சங்கீதம் சேர்த்து வைக்கிறவங்க கவனிங்க. ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ராகம்னு ஒரு கட்டம், தாளம்னு ஒரு கட்டம் சேர்த்துட்டு, ஆல்பம் லிஸ்ட்ல "ராகம், அதுக்குள்ள கீர்த்தனை, அதுக்குள்ள பாடினவர்"னு ஒரு பார்வையை எழுதிட்டா, கல்யாணியைத் தட்டினா எம்.எஸ்., செம்மங்குடி, பாலமுரளி எல்லாரும் வரிசையா வந்து நிப்பாங்க. கட்டத்தோட பேரை மட்டும் ஆங்கில எழுத்துல வையுங்க. ஃப்ளாக் ஃபைல்ல கட்டத்தோட பேருக்கு ஆங்கில எழுத்துதான் செல்லும், உள்ள எழுதறது தமிழ்லயே இருக்கலாம். மேக்குக்கும் ஃபூபார் இருக்கு, விண்டோஸ் அளவுக்குக் கம்போனென்ட் கிடையாது.

ஏஐஎம்பி ரஷ்யாவுல இருந்து வர்றது, வின்ஆம்ப் மனசுக்காரங்களுக்குப் பிடிக்கும், பழைய லேப்டாப்லயும் இலகுவா ஓடும். லினக்ஸ்காரங்களுக்கு ஸ்ட்ராபெரி. அமரோக்குக்குப் பிறந்தது க்ளெமன்டைன், க்ளெமன்டைனுக்குப் பிறந்தது 2018-ல ஸ்ட்ராபெரி, பழக்குடும்பம். கம்போஸர் வாரியா அடுக்கற வசதி அதுல இருக்கு.

இப்ப அந்தக் கடைசி விஷயம். இவ்வளவு உழைச்சு அஞ்சு நட்சத்திரம், மூணு நட்சத்திரம்னு போட்டீங்களே, அது எங்க இருக்கு? டேக்ல எழுதினது ஃபைலோட போகும். நட்சத்திரம் அப்படி இல்ல. ஐட்யூன்ஸ், மேக் மியூசிக் ரெண்டுமே அதைத் தன்னோட டேட்டாபேஸ்லதான் வெச்சிருக்கும். ஃபைலை மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டு லேப்டாப்பை வித்துட்டா, பத்து வருஷத்து நட்சத்திரமும் லேப்டாப்போட போயிரும். அதனால மேக்ல அப்பப்போ ஃபைல் மெனுவுல லைப்ரரியை எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கோங்க, எக்ஸ்எம்எல் ஃபைலா வரும். ஃபூபார்ல நட்சத்திரத்தைப் பாத்துக்கறது ப்ளேபேக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ங்கற தனிக் கம்போனென்ட், அதுலயும் எக்ஸ்எம்எல்லா எடுத்துக்கலாம். மியூசிக்பீ, ஸ்ட்ராபெரி ரெண்டுலயும் நட்சத்திரத்தை ஃபைலுக்குள்ளேயே எழுதச் சொல்ற செட்டிங் இருக்கு. முதல் நாளே அதைப் பாத்துருங்க. ஃபைல்ல எழுதினாலும் ஒரு சிக்கல் உண்டு. ஐடி3-ல நட்சத்திரம்னு கிடையாது, 0-ல இருந்து 255 வரைக்கும் ஒரு எண்தான். விண்டோஸ் கணக்குல நாலு நட்சத்திரம்னா 196. வேற ப்ளேயர் வேற எண் வெச்சிருந்தா உங்க நாலு அங்க மூணாத் தெரியலாம். மாறுறதுக்கு முன்னாடி நாலஞ்சு பாட்டை மட்டும் புது ப்ளேயர்ல போட்டுப் பாருங்க.

வால்யூம் பத்தி ஒரு கேள்வி பாக்கி இருக்கு. எண்பதுகள்ல வந்த பாட்டு முடிஞ்சு அனிருத் பாட்டு ஆரம்பிச்சா நாற்காலியில இருந்து தூக்கிப் போடுதேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பழைய சிடிகள்ல சத்தம் கம்மியா இருக்கும், இப்ப வர்றதெல்லாம் விளிம்பு வரைக்கும் ஏத்தி மாஸ்டர் பண்றது. ரீப்ளேகெயின்னு ஒரு முறை 2001-ல இருந்து இருக்கு. பாட்டோட சராசரிச் சத்தத்தை அளந்து ஒரு எண்ணா டேக்ல எழுதி வெச்சுரும், ஓட்டும்போது ப்ளேயர் அதுக்கேத்த மாதிரி ஏத்தி இறக்கும். பாட்டோட ஒலியை எதுவும் தொடாது. ஃபூபார், மியூசிக்பீ, ஏஐஎம்பி மூணுலயும் இருக்கு. ராத்திரி மொத்த ஃபோல்டரையும் ஸ்கேன் போட்டுட்டுத் தூங்கப் போங்க. கச்சேரிக்கு மட்டும் ட்ராக் கணக்கு வேண்டாம், ஆல்பம் கணக்குன்னு வையுங்க. இல்லைன்னா தனி ஆவர்த்தனமும் தம்புரா மட்டும் ஓடுற இடமும் ஒரே சத்தத்துல வரும்.

உங்க ப்ளேயர்ல நா.முத்துக்குமாரைத் தேடிப் பாத்துட்டு என்ன வந்துச்சுன்னு எழுதுங்க. கேசட்டை எம்பி3 ஆக்கறது எப்படின்னு கேட்டவங்களுக்கு அடுத்த எபிசோட்ல பதில். டெக்கோட ஹெட்டைத் துடைக்கிறதுல இருந்து ஆரம்பிப்போம், பஞ்சும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் வாங்கி வெச்சுக்கோங்க.